பங்குக் கிணறும் ஏரிக்கரை வீடும்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிரேக்கரைப் போட்டேன். பம்ப் ஓடுகிற சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை.

"நிப்பாட்டு பிள்ளை, நிப்பாட்டு! வெறும் பம்ப் ஓடினா சீல் எரிஞ்சு போகும்!"

உரும்பிராய் அண்ணையின் குரல் வெளியே இருந்து வந்தது. ஓடிப்போய் பிரேக்கரை இறக்கினேன். வீட்டின் அடியில் மூன்றடி உயரத்துக்கு ஒரு இடைவெளி இருக்கிறது. அதற்குள் தவழ்ந்துதான் போக வேண்டும். ஏழு வருடமும் அண்ணைதான் போவார். இந்த முறை முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ரோர்ச் லைற்றை உள்ளே அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே தவழ்ந்து போயிருந்தது என் மகள். பத்தொன்பது வயது.

"மாமா, இங்க ஈரமா இருக்கு," என்றாள்.

அண்ணை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி. மணம் பார்த்துச் சொல்லு. ஏரித் தண்ணியா, வேற ஏதுமா?" என்று கேட்டார்.

நாங்கள் நாலு குடும்பம்: எங்களுடையது, உரும்பிராய் அண்ணையுடையது, வன்னி அக்காவுடையது, ஒரு நியூஃபவுண்லாந்து நண்பருடையது. 2017 இல் சேர்ந்து இந்த வீட்டை வாங்கினோம். ரொறன்ரோவிலிருந்து வடக்கே, ஹாலிபர்ட்டன் பகுதியில், மிண்டன் என்கிற சின்ன ஊர் தாண்டி ஒரு ஏரிக்கரையில் மூன்று அறையுள்ள மரவீடு. குளிர்காலத்துக்கு ஏற்ற வீடல்ல. அதனால் ஒக்ரோபர் இரண்டாவது திங்கள், நன்றி தெரிவிக்கும் நாளோடு பூட்டிவிடுவோம். குழாய்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடித்து, மெத்தைகளைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து, பிரேக்கரை இறக்கிவிட்டு வருவோம். திறப்பது மே மாதத்தில், விக்ரோறியா நாள் வருகிற நீண்ட வார இறுதியில். மே 25க்கு முந்தின திங்கட்கிழமை அந்த விடுமுறை. ஒன்ராறியோ முழுக்க இப்படித்தான். அந்த வெள்ளி பின்னேரம் பாதி நகரம் வடக்கே போகிற பாதைகளில் நிற்கும்.

ஸ்காபரோவில் இதைக் கொட்டேஜ் என்போம். வட ஒன்ராறியோவில் கேம்ப் என்பார்கள். எங்களில் நாலாவது பங்காளி, என் கணவரோடு வேலை செய்கிற அந்த நியூஃபவுண்லாந்துக்காரர், கபின் என்பார். அண்ணை மட்டும் முதல் நாளிலிருந்து "வளவு" என்றுதான் சொல்லுகிறார். "வளவுக்குப் போவமா?" என்று கேட்பார். கேட்டுக் கேட்டு எங்கள் பிள்ளைகளும் இப்போது வளவு என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை வேலை முடித்து ஆறு மணிக்கு வெளிக்கிட்டோம். 401 இல் கிழக்கே போய், 115 ஏறி, பிறகு 35 ஆம் இலக்கச் சாலையில் லின்ட்சே ஊடாக வடக்கே. இந்த 35 ஆம் சாலையை எனக்கு மிகவும் பிடிக்கும். கோபோகொங்க் வரைக்கும் சாலை வெட்டிய இடங்களில் தெரிவது சுண்ணாம்புக்கல். அடுக்கடுக்காக, சாம்பல் நிறத்தில், எங்கள் ஊர்க் கிணற்றுச் சுவரை உள்ளே எட்டிப் பார்த்தது போலவே இருக்கும். அதைத் தாண்டி நோர்லன்ட் வந்ததும் கல் மாறிவிடும். இளஞ்சிவப்பும் கறுப்புமாகக் கருங்கல். கனடியக் கேடயம் என்கிற பழம்பாறை அங்கே தலைகாட்டுகிறது. வயது நூறு கோடி வருடத்துக்குக் கிட்ட. வயல் முடிந்து பைன் மரம் தொடங்குவதும் அங்கேதான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தரையை விட்டு வன்னியின் கருங்கல் நிலத்துக்குள் போகிற மாதிரித்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். ஊரில் அந்தப் பாதையில் எத்தனை சோதனைச்சாவடி! இங்கே பத்து நிமிடத்தில் கல் மாறிவிடும், யாரும் மறிக்க மாட்டார்கள்.

இந்த வருடம் பாதையெங்கும் முறிந்த மரங்கள். மார்ச் கடைசியில் மழை விழுந்த கையோடு உறைந்து, கொப்பு, கம்பி, கூரை எல்லாவற்றிலும் கண்ணாடி போல ஒட்டிக்கொண்டது. அந்தப் பாரத்தில் மரங்கள் முறிந்து கம்பிகள் அறுந்தன. லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் போனது. எங்கள் வாசலிலும் ஒரு பேர்ச் மரம் குறுக்கே கிடந்தது. வெள்ளைப் பட்டை காகிதம் மாதிரி உரிந்து காற்றில் ஆடியது. இரவு ஒன்பதரைக்குக் கார் வெளிச்சத்தில் நியூஃபவுண்லாந்து நண்பர் அதை அறுத்தார். வன்னி அக்காவின் இரண்டு பெடியளும் துண்டங்களைத் தூக்கி அடுக்கினார்கள். கூரையில் விழாமல் விட்டதே பெரிய விஷயம்.

பங்கு பற்றி இப்போது சொல்ல வேண்டும். அதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

வாங்குகிற நேரத்தில் வழக்கறிஞர் எங்களை உட்கார்த்தி ஒரு மணி நேரம் கதைத்தார். சிநேகிதம் இருக்கிறது என்று சும்மா வாங்கிவிடாதீர்கள், ஒருவர் இறந்தால் என்ன, விற்க நினைத்தால் என்ன, மணமுறிவு வந்தால் என்ன, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள் என்றார். ஒரு பங்காளி இறந்தால் மற்றவர்களுக்கே போகிற மாதிரி எழுதலாம். இல்லாவிட்டால் அவரவர் பங்கு அவரவர் பிள்ளைகளுக்குப் போகிற மாதிரி எழுதலாம். இரண்டாவதையே எடுத்தோம். அடுத்து ஒரு விதி. பங்கை விற்க நினைக்கிறவர் வெளியாளிடம் போக முதல் மற்ற மூன்று பேரிடமும் கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாமென்றால்தான் வெளியே விற்கலாம். வழக்கறிஞர் இதைப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருக்க, அண்ணை என் பக்கம் திரும்பி, "இது தேசவழமைதானே?" என்றார்.

உண்மைதான். 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் பதித்த யாழ்ப்பாணத்து வழமைச் சட்டத்தில் இதே உரிமை இருக்கிறது. பக்கத்துக் காணிக்காரருக்கும் அந்த உரிமை முன்பு இருந்தது. 1947 இல் வந்த சட்டம் அதைச் சுருக்கி, கூட்டுப் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் மட்டும் என்று ஆக்கியது. ரொறன்ரோவில் பத்தாவது மாடியில் இருக்கிற ஒரு அலுவலகத்தில் அதை ஆங்கிலத்தில் திரும்பக் கேட்டபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது.

பங்கு எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் ஊரில் ஆறு இல்லை. ஏரி இல்லை. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்கிறது. அதைக் கிணறு வெட்டித்தான் எடுக்க வேண்டும். கல்லை உடைத்துத் தோட்டக் கிணறு வெட்டுவது ஒரு குடும்பத்தால் முடிகிற செலவல்ல. அதனால் பங்குக் கிணறு. என் அப்பாவின் காணி உறுதியில் நிலத்தின் அளவு பரப்பிலும் குழியிலும் இருக்கும், அதற்குக் கீழே கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் என்று இருக்கும். சின்ன வயதில் எனக்கு இது பெரிய புதிர். கிணற்றை எப்படி நாலாகப் பிரிப்பது? எந்தப் பக்கம் எங்கள் பக்கம்? அப்பா சிரித்துவிட்டுச் சொன்னார்: "கிணத்தைப் பிரிக்கேலாது பிள்ளை. நாளைத்தான் பிரிக்கிறது." திங்கள் எங்கள் முறை. செவ்வாய் பெரியப்பாவின் முறை. முறை தவறினால் சண்டை வரும், வழக்கென்று கோடு வரைக்கும் போகும். ஆனால் வருடத்தில் ஒரு நாள் முறையே கிடையாது. கோடையில் தண்ணீர் அடியில் போனதும் நாலு வீட்டு ஆட்களும் வந்து, கிணற்றை முழுக்க இறைத்து, உள்ளே இறங்கிச் சேறு அள்ளுவார்கள். கோடேறிச் சண்டை பிடித்தவர்களும் அன்றைக்குக் கயிற்றின் இரண்டு பக்கமும் நிற்பார்கள். வராத வீட்டுக்குப் பங்கு பறிபோகாது. ஆனாலும் அடுத்த முறை அந்த வீட்டுக்காரர் இறைக்கும்போது வாய்க்காலைப் பார்த்துத் தண்ணீர் திருப்பிவிட ஒருவரும் வர மாட்டார்கள்.

எங்கள் ஒப்பந்தத்திலும் கோடைகால வாரங்கள் முறைப்படி பிரித்திருக்கின்றன. திறக்கிற வார இறுதியும் பூட்டுகிற வார இறுதியும் யாருடைய முறையும் இல்லை. நாலு குடும்பமும் வர வேண்டும். வழக்கறிஞர் எழுதிய பிரதியில் அந்த வரி இல்லை. அண்ணை கேட்டுச் சேர்த்தது.

சரி, பம்புக்கு வருவோம்.

மகள் மணம் பார்த்துச் சொன்னாள், ஏரித் தண்ணீர்தான் என்று. பம்புக்கு முன்னால், தூணுக்குப் பின்பக்கமாக ஒரு எல்போ இருக்கிறது. குழாய் அங்கேதான் வளைந்து மேலே ஏறும். அதன் அடியில் ஒரு வடிமூடி. போன ஒக்ரோபரில் அண்ணை ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வடித்தது மகள். பட்டியலில் மூன்று மூடி என்று இருந்தது. இரண்டைத்தான் அவள் கண்டிருக்கிறாள். மூன்றாவதுக்குப் பின்னால் தண்ணீர் நின்றுவிட்டது. தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகும். அதை அடக்கி வைக்க அந்தச் சின்ன எல்போவால் முடியுமா? வெடிப்பு மயிரிழைதான். ரோர்ச் வெளிச்சம் சாய்வாக விழுந்தபோதுதான் தெரிந்தது.

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எனக்கு அவள் அழுகிறாளோ என்று இருந்தது.

"அது தூணுக்குப் பின்னால இருக்கிறது, தெரியாது. நான் உனக்குக் காட்டித் தந்திருக்க வேணும்," என்றார் அண்ணை. "இப்ப வெளியில வா. மிண்டனுக்குப் போய் ஒரு எல்போவும் நாலு கிளாம்பும் வாங்கிக்கொண்டு வாங்கோ. வரேக்க நெருப்புக்கு விறகு எடுக்க மறவாதையுங்கோ."

ஒரு மணி நேரத்தில் அவளும் வன்னி அக்காவின் மூத்தவனும் வந்து சேர்ந்தார்கள். பிறகு நடந்ததை நான் வாசலில் குந்தியிருந்து பார்த்தேன். பழைய எல்போவை அறுத்தெடுத்தாள். புதியது பல் பல்லாக இருக்கும். கறுப்புக் குழாயை அதன்மேல் தள்ளி ஏற்ற வேண்டும். குளிரில் குழாய் இரும்பு போல நின்றது, ஏறவில்லை. அண்ணி தேத்தண்ணிக்குக் கொண்டு வந்த சுடுதண்ணீர்ப் போத்தலை அண்ணை கேட்டு வாங்கி உள்ளே நீட்டினார். "குழாய் வாயை இதுக்குள்ள ஒரு நிமிஷம் பிடி." பிடித்தாள். இளகியது. சுழற்றித் தள்ள, கடைசிப் பல் வரைக்கும் வழுக்கிக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு கிளாம்ப், ஒன்றின் திருகு மேலே, மற்றதன் திருகு கீழே.

அடுத்தது பம்புக்குத் தண்ணீர் ஊற்றுவது. பம்ப் தண்ணீரை உறிஞ்சி இழுக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படியில்லை. பம்ப் உள்ளே காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, ஏரியின் மேல் அழுத்திக்கொண்டிருக்கிற வெளிக்காற்றுத்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அதனால்தான் எவ்வளவு பலமான பம்ப் என்றாலும் கணக்குப்படி பத்து மீற்றருக்குச் சற்று மேலே தூக்காது, நடைமுறையில் ஏழெட்டு மீற்றர்தான். குழாய்க்குள் காற்று நின்றால் இந்த வேலை நடக்காது. குழாயையும் பம்பையும் தண்ணீரால் நிரப்ப வேண்டும். ஏரிக்குள் கிடக்கிற நுனியில் ஒரு புட் வால்வு இருக்கும். தண்ணீரை உள்ளே விடும், திரும்ப வெளியே விடாது. நியூஃபவுண்லாந்து நண்பர் நெஞ்சு வரைக்கும் ஏறும் றப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு காலையிலேயே அதைக் கொண்டுபோய் இறக்கியிருந்தார்.

மகள் குவளை குவளையாக ஊற்றினாள். ஒவ்வொரு குவளைக்கும் 'குளுக்' என்று ஒரு பெரிய குமிழ் மேலே வந்து உடைந்தது. அண்ணை முக்காலியில் இருந்து அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

"பத்து வயசில அப்புவின்ர மிசினுக்கு நான்தான் தண்ணி ஊத்துறது," என்றார். "அதுக்கு முதல் துலா. ஒருத்தர் துலாவில ஏறி மிதிப்பார், ஒருத்தர் பட்டையைப் பிடிப்பார். மிசின் வந்த பிறகு துலாவைக் கழட்டி மாட்டுக் கொட்டிலுக்கு வளை போட்டம். தொண்ணூறாம் ஆண்டு தடை வந்து மண்ணெண்ணெய் இல்லாமப் போக, கொட்டிலைப் பிரிச்சுத் திரும்பத் துலா கட்டினம். அதே மரம்." கொஞ்சம் நிறுத்தி, "குமிழ் சின்னனாகுது. இன்னும் ரெண்டு குவளை," என்றார்.

மூடியைப் பூட்டியதும் நான் பிரேக்கரைப் போட்டேன். அழுத்தமானியில் முள் நடுங்கியது. பத்தில் நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். இருபது. முப்பது. ஐம்பதுக்கு வந்ததும் 'டிக்' என்று பம்ப் தானாக நின்றது. குசினிக் குழாய் இருமித் துப்பி, தேத்தண்ணி நிறத்தில் கொஞ்சம் கக்கி, பிறகு தெளிந்து ஓடியது. அண்ணி இரண்டு கையையும் அதற்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றா. அதைக் குடிக்க முடியாது. குளோரீன் விட்டுக் குழாய்களைக் கழுவி, கிருமி கொல்லும் புறஊதாக்கதிர் விளக்கை மாற்றின பிறகுதான் குடிக்கலாம். சுடுதண்ணீர்த் தாங்கி முழுக்க நிரம்பாமல் அதன் பிரேக்கரைத் தொடவும் கூடாது, உள்ளே இருக்கிற கம்பி எரிந்துவிடும்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலி வந்திருந்தது. மேசை லாச்சிக்குள் கூடு. என் பழைய சிவப்புச் சாறம் ஒன்றின் நூல்களையும் தலையணைப் பஞ்சையும் கலந்து, பந்து போலப் பின்னி வைத்திருந்தது. இவ்வளவு நேர்த்தியாக என்னால் பின்ன முடியாது. எலிப் புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள், இது முக்கியம். அந்தத் தூசியில் ஹன்ரா வைரஸ் இருக்கலாம். முகமூடி, கையுறை போட்டு, பிளீச் கலந்த தண்ணீர் தெளித்து நனைத்து, துடைத்தெடுக்க வேண்டும். வன்னி அக்கா தாதி. இந்த விஷயத்தில் அவவிடம் யாரும் வாய் திறக்க முடியாது.

டொக் போடுவது நியூஃபவுண்லாந்து நண்பரின் பொறுப்பு. கரையில் ஏற்றி வைத்திருக்கிற மரத்துறையைத் தண்ணீருக்குள் இறக்கி, கால்களைப் பூட்டி மட்டம் பார்க்க வேண்டும். எங்கள் ஏரி சும்மா இருக்கிற ஏரி அல்ல. இந்தப் பகுதி ஏரிகள் பலவற்றுக்கு அணை இருக்கிறது. கீழே லேக் ஒன்ராறியோவையும் ஜோர்ஜியன் குடாவையும் இணைத்து 386 கிலோமீற்றருக்கு ஓடுகிற ட்ரென்ட்-செவர்ன் நீர்வழிக்குத் தண்ணீர் கொடுப்பது இவைதான். கோடை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து விடுவார்கள். அதனால் மே மாதம் நெஞ்சளவு நிற்கிற இடத்தில் செப்ரெம்பரில் முழங்கால்தான். கீழே படகு விடுகிறவர்களுக்கு எங்கள் தண்ணீர் போகிறது என்று இங்கே சிலர் கோபப்படுவார்கள். அண்ணை அதற்கு, "மேல்மடைக்காரனுக்கு எப்பவும் அந்தக் குறை இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போவார்.

டொக் வேலை நடக்கும்போது எல்லோருக்கும் மிதவை அங்கி கட்டாயம். வெயில் அடிக்கும், கரையில் வெள்ளையாகத் திரிலியம் பூத்திருக்கும், பார்த்தால் குளிக்கலாம் போல இருக்கும். ஏப்ரல் கடைசியில்தான் அந்த ஏரியில் ஐஸ் போனது. தண்ணீர் பத்துப் பாகைக்குக் கிட்ட. கீரிமலைக் கேணியில் குதித்து வளர்ந்த எங்களுக்குத் தண்ணீர் ஆளைக் கொல்லும் என்பது விளங்க நாளெடுக்கும். மனிற்ரோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்: ஒன்று, பத்து, ஒன்று. விழுந்தால் மூச்சுத் திணறல் அடங்க ஒரு நிமிடம். கையும் காலும் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம். குளிரால் நினைவு தப்ப ஒரு மணி நேரம் வரை எடுக்கும். அங்கி இல்லாவிட்டால் முதல் நிமிடமே போதும். எங்கள் ஆட்கள் கோடையில் ஏரிகளில் மூழ்கிப் போனதாகச் செய்தி வரும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. நீச்சல் தெரியும் என்று சொல்லாதீர்கள். அங்கியைப் போடுங்கள்.

கறுப்பு ஈ வந்துவிட்டது. காதுக்குப் பின்னால் கடித்து இரத்தம் வடியும்வரை கடித்தது தெரியாது. ஓடுகிற தண்ணீரில் பிறக்கிற ஈ அது, இருட்டினால் போய்விடும். அது போனதும் நுளம்பு வரும்.

அன்று இரவு தவளைகள் கத்தத் தொடங்கின. பெருவிரல் நுனியளவுதான் அந்தத் தவளை. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் சலங்கைக் கட்டை உலுக்குகிற மாதிரி ஒரே ஒலி. அதற்கு மேலே, நடு ஏரியிலிருந்து லூன் பறவையின் கூவல். கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் 1987 முதல் இருப்பது இந்தப் பறவைதான். நாணயத்தில் பார்த்தால் வாத்து மாதிரி இருக்கும். குரலைக் கேட்டால் அப்படித் தெரியாது. நீளமாக ஏறி, நடுவில் உடைந்து, இறங்கும். வன்னி அக்கா முதல் வருடம் அதைக் கேட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டா. "ஆட்காட்டி கத்தினா ஆரோ வருகினம் எண்டு அர்த்தம்," என்றா. இது ஆட்காட்டி இல்லை என்று சொல்லி உட்கார்த்தினோம். இப்போது அவதான் முதலில் காது கொடுக்கிறா.

மறுநாள் ஞாயிறு. 2025 மே 18.

இந்த வார இறுதியும் முள்ளிவாய்க்கால் நினைவு நாளும் அடிக்கடி ஒன்றாக வரும். 2009 இல் விக்ரோறியா நாளே மே 18 தான். ஊரில் போர் முடிகிற அந்த வாரங்களில், அதை நிறுத்தச் சொல்லி நாங்கள் ரொறன்ரோத் தெருக்களில் நின்றோம். மே 10 அன்று கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி இருந்தவர்களில் நானும் கணவரும் இருந்தோம். மகளுக்கு அப்போது மூன்று வயது, தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. வீடு வாங்கிய புதிதில் இந்த நாளில் ஏரிக்கரைக்குப் போவதா என்று எங்களுக்குள் பெரிய தயக்கம். வன்னி அக்காவிடம் கேட்டோம். அவ முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய் வந்தவ. "நகரத்தில நினைவுகூருகிறவை கூரட்டும். நான் தண்ணிக்குப் பக்கத்தில இருக்கிறன்," என்றா. அதன் பிறகு நாங்கள் தயங்கவில்லை.

அங்கே கடைசி நாட்களில் சனங்களுக்கு இருந்தது கஞ்சி. அரிசி, தண்ணீர், உப்பு. தேங்காய்ப்பால்கூட இல்லாத கஞ்சி. அதைத்தான் இப்போது இந்த நாளில் ஊரிலும் இங்கேயும் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். எங்கள் பகுதியில் பகலில் வெளியே நெருப்பு மூட்டக்கூடாது, அதனால் பொழுதுபட்ட பிறகு கல்லடுப்பில் பெரிய பானையை வைத்தோம். பேர்ச் விறகு ஈரமாக இருந்தாலும் அதன் பட்டை பற்றிவிடும். புதிதாக வந்த தண்ணீரை மகள் வாளியில் கொண்டு வந்து ஊற்றினாள். அக்கா கொதி வந்ததும் உப்பைப் போட்டு, ருசி பார்க்காமல் அகப்பையை எடுத்து வைத்தா. ஏன் ருசி பார்க்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

நியூஃபவுண்லாந்து நண்பருக்கு முதல் வருடமே நாங்கள் சொல்லியிருந்தோம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். அவருடைய ஊரில் 1992 யூலையில் கொட் மீன்பிடியை அரசாங்கம் மூடியது. கடலில் மீன் தீர்ந்துவிட்டது. தகப்பனின் படகைக் கரையில் கவிழ்த்துவிட்டு வந்தவர் அவர். அதையும் இதையும் ஒப்பிட முடியாது, அவரும் ஒருநாளும் ஒப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் சும்மா இருக்கத் தெரிந்த மனிதர். அது எனக்குப் பெரிது. அக்கா ஒரு சின்ன விளக்கைக் கொளுத்தி டொக்கின் நுனியில் வைத்துவிட்டு நீண்ட நேரம் அங்கே இருந்தா. பிள்ளைகள் கரையில் இருந்தார்கள். ஒருவர் கையிலும் ஃபோன் இல்லை.

திங்கள் காலை கோடை முறைக்குச் சீட்டு எழுதிப் போட்டோம். எங்களுக்கு யூலை இரண்டாவது வாரமும் ஓகஸ்ட் கடைசியும் விழுந்தது. அண்ணைக்கு ஓகஸ்ட் முதல் வாரம், அவருக்கு நல்ல சந்தோசம், பேரப்பிள்ளைகள் மொன்றியலில் இருந்து வருகிற நேரம். மிச்சம் இருந்த இடியப்பத்தையும் சம்பலையும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, குப்பைகளைக் காரில் ஏற்றினோம். பின்னேரமானால் 35 இல் கார்கள் நகராது, பன்னிரண்டு மணிக்கு முதல் வெளிக்கிட வேண்டும்.

எல்லோரும் காரில் ஏறிவிட்டோம், மகளைக் காணவில்லை. அண்ணையையும் காணவில்லை.

வீட்டைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். அண்ணை அதே முக்காலியில், ரோர்ச்சை உள்ளே அடித்தபடி. மகளின் கால் இரண்டும் வெளியே தெரிந்தன. உள்ளே படுத்துக்கொண்டு, தன்னுடைய சிவப்பு நகப்பூச்சால் வடிமூடி ஒவ்வொன்றுக்கும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மூண்டாவது எங்க?" என்று அண்ணை கேட்டார்.

"தூணுக்குப் பின்னால."

"தூணிலயும் ஒரு அம்புக்குறி கீறு. ஒக்ரோபரில ஆர் வந்தாலும் தெரிய வேணும்."

நகப்பூச்சுக் காயும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள். நான் போய்க் காரின் எஞ்சினை நிறுத்தச் சொன்னேன்.